ரிட்டர்ன் டிக்கெட்காரர்

2019 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. சூசையப்பர் திருநாள். 4.50க்கு எழுந்தேன். 5.45 பூசை. வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. 9.05க்குப் பேருந்து. 9.30க்கு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பயண அலுவலகத்தைத் திறந்தேன். மேசை துடைத்தேன். நாள்காட்டியில் தாள் கிழித்தேன். பிரிண்டரில் ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தேன். 10.15க்கு ஒரு பாஸ்போர்ட் புதுப்பிப்பு. 10.40க்குத் துபாய் செல்லும் குடும்பம், நான்கு டிக்கெட். 11.20க்கு ரிட்டர்ன் டிக்கெட்காரர் வந்தார். தோளில் பயணப் பை. வாசலில் செருப்பு இரண்டும் தெருவைப் பார்த்து.

அந்தப் பக்கத்தின் மேற்பாதி இவ்வளவுதான். பழைய நாட்குறிப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கும்போது அங்கே வந்து நின்றுவிட்டேன். நோய்த்தொற்றுக் காலத்தில் அலுவலகத்தை மூடினோம். என் கைபேசி எண்ணும் மாறிவிட்டது. அவரைப் பார்த்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு ஒரு பெயர் உண்டு; எத்தனையோ படிவங்களில் பெரிய எழுத்தில் நிரப்பியிருக்கிறேன். ஆனால் முதல் நாள் நான் குறித்துக்கொண்ட பெயரே என் நாட்குறிப்பில் கடைசிவரை நின்றது. இங்கும் அதுவே இருக்கட்டும்.

முதல் நாள் என்பது 2017 ஜூலையில் ஒரு பிற்பகல். நாற்பது வயதுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சட்டைக் காலரில் தறிப் பஞ்சு. உள்ளே வருமுன் வாசலில் செருப்பைக் கழற்றினார், குனிந்து அவற்றைத் திருப்பி வைத்தார், பிறகு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அக்கா, ரிட்டர்ன் டிக்கெட் ஒண்ணு போடோணுமுங்க."

"எங்கிருந்து எங்கேங்க?"

"வாரது சேலத்துக்குங்க. எங்கிருந்துங்கறது இன்னும் முடிவாகலீங்க."

அப்போதே இருபது ஆண்டுகளாக டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். போகும் ஊர் தெரியாமல் திரும்பி வர டிக்கெட் கேட்டு யாரும் வந்ததில்லை. "போற இடம் தெரியாம வர்றதுக்கு எப்படிங்க போடறது?" என்றேன்.

"அதைக் கண்டுபுடிக்கத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்" என்றார், ஏதோ நான்தான் தாமதமாகப் புரிந்துகொள்கிறேன் என்பதுபோல.

அவருக்கு வேண்டியது ஒரு படிப்பு. தண்ணீருக்குள் ஆழத்துக்குப் போய் முறையாக மேலே வரும் படிப்பு. புதுச்சேரியில் முப்பது மீட்டர் வரை கற்றுச் சான்று அட்டையும் வாங்கியிருந்தார். அதற்குக் கீழே போவதை டெக்னிக்கல் டைவிங் என்கிறார்கள். அதைத் தன் கைக்கு எட்டும் செலவில், ஆனால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் இடம் உள்ளூரில் அவருக்கு அமையவில்லை. வெளிநாட்டில் பல இடங்களில் இருக்கிறதாம். அவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. நான் எழுத வேண்டும், வரும் பதிலைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டேன். "தேவைப்படுதுங்க" என்றார். எடப்பாடியில் அண்ணனுடைய தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என்ன தேவை என்று நினைத்தேன். கேட்கவில்லை.

காரணம் எனக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். 'நீரடி விபத்து எதிலாவது தொடர்பு உண்டா?' என்று ஒரு கேள்வி. நான் படித்துச் சொன்னேன். "ஆமான்னு போடுங்க" என்றார். பிறகு சொன்னார்.

அவரும் மேச்சேரியைச் சேர்ந்த அவருடைய மச்சான் செங்கோடனும் கிணற்றிலும் கல்குவாரியிலும் விழுந்த மோட்டார்களை எடுத்துக்கொடுக்கும் தொழில் செய்தவர்கள். பஞ்சர் கடையில் இருப்பது போன்ற ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு நீண்ட ஓஸ் குழாய். அதன் முனையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டு செங்கோடன் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்பார். கயிற்றில் ஓர் இழுப்பு என்றால் தளர்த்து. இரண்டு என்றால் சங்கிலியை இறக்கு. மூன்று என்றால் ஆளைத் தூக்கு. ஒரு குவாரியில் நூற்று நாற்பது அடி ஆழத்தில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு, செங்கோடன் மூன்று முறை இழுத்தார். ஏதோ ஆபத்து என்று இவர் உயிரைக் கொடுத்து இழுத்தார். ஒன்றரை நிமிடத்தில் ஆள் கரையில். செங்கோடன் சிரித்துக்கொண்டுதான் ஏறினார். ஒரு மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஆழத்தில் சுவாசித்த காற்று உடம்பில் கரைந்திருக்கும். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஏறினால் அது மூச்சு வழியாகவே போய்விடும். வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல இரத்தத்தில் பொங்கும். "ஆளை இவ்வளவு வேகமா யாருய்யா தூக்கினது?" என்று கேட்டிருக்கிறார்.

"செங்கோடனுக்கு இது தெரியுமா?" என்றேன்.

"டாக்டரு என்கிட்டத்தான் சொன்னாருங்க. நான் அவங்கிட்டச் சொல்லலீங்க."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லிப்போட்டு அடுத்து என்ன சொல்றதுங்கக்கா? அப்ப எப்படி இழுத்திருக்கோணும்னு அவன் கேட்டா? எனக்கே தெரியாதுங்களே."

அன்றிலிருந்து அவர் கயிற்றைத் தொடவில்லை. கற்றுக்கொண்டு வந்துதான் மச்சானிடம் வாய் திறப்பது என்று வைத்திருந்தார்.

வெளியேறும் வழியைப் பார்க்காமல் அவர் எங்கும் நுழைய மாட்டார். அது விபத்துக்குப் பிறகு வந்த பழக்கமா, பிறவியிலேயே உள்ளதா என்று எனக்குத் தெரியாது. மொபெட்டை எப்போதும் தெருவை நோக்கித் திருப்பி நிறுத்துவார். பேருந்தில் படிக்கு அடுத்த இருக்கை. எங்கள் பங்குத் திருவிழாவுக்கு ஒருமுறை அழைத்தேன். பந்தியில் உட்காருமுன் பக்கவாட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். மருத்துவச் சான்றுக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான்காம் மாடி. நான் லிஃப்டில் ஏறினேன். "நீங்க போங்கக்கா, படி எங்க போகுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்றார். மூச்சு வாங்க வந்து நின்றவரைப் பார்த்து நர்ஸ், "இப்ப பிரஷர் பார்த்தா எகிறும். அரைமணி நேரம் உட்காருங்க" என்று அதட்டினார். அவர் உட்கார்ந்தார், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்.

நான் அட்டவணை போடுகிற ஆள். பதினொரு பயிற்சி நிலையங்களுக்கு ஒரே மாதிரி கடிதம் எழுதினேன். ஒன்பது பதில்கள் வந்தன. ஊர், நாட்கள், கட்டணம், உபகரண வாடகை சேர்த்தா இல்லையா, சுவாசிக்கும் வாயு சேர்த்தா இல்லையா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், தங்குமிடம் என்று பெரிய தாளில் கட்டம் போட்டேன். எல்லாவற்றிலும் மலிவான இடத்தைப் பச்சை மையில் அடிக்கோடிட்டு வைத்தேன். எட்டே நாள். உபகரணம், அறை, காலை உணவு எல்லாம் அதற்குள். வந்தவர் அனைவருக்கும் சான்று அட்டை, இதுவரை ஒருவர்கூடத் தவறியதில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "இன்னொரு கட்டம் போடோணுமுங்க அக்கா."

"என்ன கட்டம்?"

"தேறாதவங்கள என்ன பண்ணுவீங்கன்னு."

ஒன்பது பேருக்கும் மறுபடி எழுதினேன். ஏழு பேர் அதற்குப் பதில் போடவில்லை. பச்சை மை இடத்திலிருந்து அரை மணியில் பதில் வந்தது: கவலையே வேண்டாம், இங்கே எல்லோரும் தேறுவார்கள்.

"பாருங்க, எவ்வளவு நம்பிக்கையா சொல்றாங்க" என்றேன்.

"எல்லாருமே தேறுனா அங்க யாரும் பாக்கறதே இல்லைன்னு அர்த்தமுங்க" என்று சொல்லி, என் பச்சைக் கோட்டின் மேலேயே பென்சிலால் இலேசாகக் குறுக்கே கோடு போட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவர் பென்சிலைப் பயன்படுத்தியதை நான் கவனித்தேன். நான் மறுத்தால் அழித்துவிடலாம் என்பதற்காக.

இன்னொரு பதில் பத்து நாள் கழித்து வந்தது. தாய்லாந்தில் ஒரு சிறு தீவு, ஓர் ஆசிரியை. இரண்டு பக்கக் கடிதம். தேறாவிட்டால் அட்டை கிடையாது. கட்டணமும் திரும்பக் கிடைக்காது. ஆனால் மறுபடி வந்தால் பாடத்துக்குப் பணம் வாங்க மாட்டேன், வாயுவுக்கும் படகுக்கும் கொடுத்தால் போதும். விலை உயர்ந்த கருவிகள் எதையும் வாங்கிவிட வேண்டாம், முகக்கண்ணாடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும், மற்றவை என்னிடம் இரவலாகக் கிடைக்கும். நாற்பத்தைந்து மீட்டருக்கு மூச்சுக்காற்றில் விலை கூடிய ஹீலியம் கலப்பது கட்டாயம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். படகுக்காரர்களோடு தங்கினால் அறைச் செலவு பாதியாகும். எல்லாவற்றுக்கும் மேல், இப்போது வராதீர்கள். இன்னும் இருபது முறை முப்பது மீட்டருக்குள் இறங்கி, ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்கப் பழகி, ஒவ்வொன்றையும் எழுதி அனுப்புங்கள்.

வருகிற வாடிக்கையாளரை 'இப்போது வராதீர்கள்' என்று சொல்லும் கடையை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவங்க பாக்கறவங்க" என்றார்.

அந்த இருபது முழுக்குகளுக்காக ஒரு பழைய சிலிண்டர் வாங்கினார். வாரம் ஒருமுறை அதைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காற்று நிரப்பிவர வேண்டும். ஒரு கண்டக்டர் பேருந்தை நிறுத்திவிட்டார். "கேஸ் சிலிண்டரெல்லாம் ஏத்தக்கூடாது, இறங்குய்யா."

"கேஸ் இல்லீங்க. காத்துங்க."

"என்ன காத்து?"

"நாம இப்ப இழுக்கறமுங்களே, அதே காத்துங்க."

"இங்க சும்மா கிடைக்கறத வாங்கறதுக்கா புதுச்சேரி போய்ட்டு வர்றே?" என்று கண்டக்டர் கேட்க, பேருந்தே சிரித்திருக்கிறது. கடைசியில் சிலிண்டருக்கு ஓர் ஆள் டிக்கெட் போட்டு, படிக்கு அடுத்த இருக்கையில் உட்கார வைத்தார்கள். இவர் நின்றுகொண்டு வந்தார். அந்த டிக்கெட்டை என்னிடம் கொடுத்தார். நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

2018 மார்ச்சில் முதல் பயணம். திரும்பும் டிக்கெட்டை முதலில் போடச் சொன்னார். அதைத் தாளில் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே போகும் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார். கடைசி வகுப்புக்கு மறுநாள் காலையிலேயே விமானம். ஒரு நாள்கூட வீணாகாமல் போட்டுவிட்டேன் என்று எனக்குத் திருப்தி.

அட்டை இல்லாமல் வந்தார்.

ஆசிரியை எனக்கு எழுதியிருந்த கடிதத்தை அவர் எதிரிலேயே மொழிபெயர்த்துப் படித்தேன். 'இவர் பணிவானவர், கணக்கில் கெட்டி, வலிமை உண்டு. ஏழாம் நாள் நாற்பது மீட்டரில் இவருடைய முகக்கண்ணாடியைச் சொல்லாமல் கழற்றினேன். அது பாடத்தில் ஒரு பகுதி. இவர் நேராக மேலே கிளம்பிவிட்டார். இருபத்தோரு மீட்டரில் காலைப் பிடித்து நிறுத்தினேன். இவருக்குத் திரும்பி வரத் தெரிகிறது. வழியில் நிற்கத் தெரியவில்லை. பயம் வந்தால் மேலே போவது கிணற்றில் சரியாக இருக்கலாம். இங்கே அதுதான் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு முறையும் நான் காலைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. நிற்கக் கற்றுக்கொண்டு வரட்டும். பின்குறிப்பு: கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாளாவது வேண்டும்; உடனே பறந்தால் உடம்பில் மிச்சமிருக்கும் வாயு அங்கேயும் பொங்கும். டிக்கெட் போட்டவருக்குச் சொல்லவும்.'

டிக்கெட் போட்டவர் தலை குனிந்துகொண்டார்.

எதிரே அவர் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் தானா ஒதச்சுதுங்கக்கா. சின்னதுல கெணத்துல அதானுங்களே சொல்லிக்குடுத்தாங்க. மூச்சு முட்டுனா தரையை ஒத, மேல வா. நான் ஒதைக்கலீங்க, கால் ஒதச்சுது." பிறகு, "அன்னைக்கு இழுத்ததும் கைதானுங்க" என்றார்.

அந்தக் கடிதத்தைச் செங்கோடனுக்கும் படித்துக் காட்டச் சொன்னார். அப்படித்தான் நான் முதல்முறையாக மேச்சேரிக்குப் போனேன். செங்கோடன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாற்பது ஆடுகளை மேய்ப்பவர். குரலாலேயே மேய்ப்பார். கடிதத்தைக் கேட்டு முடித்ததும் கைதட்டிச் சிரித்தார். "நிக்கறதுக்குப் படிக்கோணுமா! ஏன் மாப்ள, பள்ளிக்கூடத்துல உன்னைய பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாங்களே, அந்த சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டுப் போயிருக்கலாமுல்ல?"

"சிரிக்க நீ ஒருத்தன்தான் பாக்கி" என்றார் இவர்.

"இரு, நான் நிக்க வெக்கறேன் உன்னைய."

செங்கோடன் தோட்டத்துக் கிணற்றில் கோடையிலும் ஐம்பதடி நீர் நிற்கும். ஞாயிறுதோறும் பயிற்சி. கயிற்றை ஒரு மரத்தில் கட்டி உள்ளே தொங்கவிட்டார்கள். அதில் இருபதடியில் ஒரு முடிச்சு. அவர் அந்த முடிச்சைப் பிடிக்காமல், அதன் நேரே, ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். செங்கோடனின் வேலை மேலேயிருந்து பயம் காட்டுவது. நான் மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து போவேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது என் வேலை. குறிப்புகள் இப்படி இருக்கின்றன: 'தகரத்தில் கல் போட்டு உருட்டல்: 6 நிமிடம் நின்றார். சரளைக்கல் ஒரு கூடை: 9 நிமிடம். பூசணிக்காய்: 1 நிமிடம் 10 வினாடி.'

பூசணிக்காயை விளக்க வேண்டும். செங்கோடன் அதில் கரியால் கண்ணும் பல்லும் வரைந்து, தலைக்கு ஒரு பழைய துண்டைச் சுற்றி, அடியில் கல்லைக் கட்டி உள்ளே விட்டார். உள்ளே நின்றவருக்கு எதிரே அது மெதுவாக இறங்கியிருக்கிறது. அடுத்த நொடி அவர் கிணற்றின் நடுவே இடுப்பளவுக்கு வெளியே வந்து விழுந்தார்.

"என்ன மாப்ள, சொந்தக்காரரா?" என்றார் செங்கோடன். நான் எழுத முடியாமல் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீரில் மிதந்தபடி மேலே செங்கோடனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் என் குறிப்புகளில் நிமிடங்கள் நீண்டன. பூசணிக்காய், 12. சேவல் இறகு கட்டிய மண்பானை, 20. டிசம்பரில் செங்கோடன் அவருக்குத் தெரியாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரரை உள்ளே குதிக்க வைத்து முகக்கண்ணாடியைப் பிடுங்கச் சொன்னார். குமிழிகள் ஒரு கணம் நின்றன. செங்கோடன் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. பிறகு குமிழிகள் மறுபடி, ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பத்தொரு நிமிடம். செங்கோடன் என் பக்கம் திரும்பவில்லை. "கொஞ்சம் தேறிட்டான்" என்று ஆட்டிடம் சொன்னார்.

2019 மார்ச்சில் இரண்டாவது பயணம். திரும்பும் டிக்கெட் முதலில்தான். ஆனால், "தேதிய மாத்திக்கற மாதிரி போடுங்கக்கா. நிக்க வேண்டி வந்தா நிக்கோணும்" என்றார். பதினைந்தாம் தேதி தீவிலிருந்து செய்தி வந்தது: 'ஒரு நாள் தள்ளிப் போடவும்.' வேறு எதுவும் இல்லை. மாற்றினேன். தேறினாரா இல்லையா என்று கேட்டு எழுதத் தோன்றியது. கேட்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி.

11.20க்கு வந்தவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார். கூடவே ஆசிரியையின் கடிதம், உறை ஒட்டியபடி. அட்டையில் அவர் படம் சற்று மங்கலாக இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"மேச்சேரிக்கு வாரீங்களாக்கா? இதை அவனுக்குப் படிச்சுக் காட்டோணும். அப்பறம்..." என்றார்.

"அப்புறம் நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லணும்."

"ஆமாங்க. நீங்க பக்கத்துல இருந்தா ஓடமாட்டேன்."

ஒரு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினேன். வேலை நாளில் அப்படிப் பூட்டியது அந்த ஆண்டில் அது ஒன்றுதான். ஓமலூர் வழியாகப் பேருந்து. அவர் படிக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறியதும் எழுந்து அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள்ளே நடுவில் போய் நின்றார்.

செங்கோடன் வீட்டு வாசலில் அட்டையைக் காட்டியதும், அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோவுல திருடன் மாதிரி இருக்கறே. சரி, படிங்கக்கா."

படித்தேன். நான்கே வரி. 'நாற்பத்தைந்து மீட்டர். மேலே வர எடுத்த நேரம் முப்பத்து நான்கு நிமிடம். நிற்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் நின்றார். கடைசி நிறுத்தத்தில் கண்ணாடியைக் கழற்றினேன். என்னைப் பார்த்து, அவசரமில்லை என்று கை காட்டினார்.'

"முப்பத்து நாலு நிமிஷமா?" என்றார் செங்கோடன்.

"ஆமா மச்சான்."

"நான் எவ்வளவு நேரத்துல வந்தேன்?"

ஆடு ஒன்று கத்தியது. இவர் கண் ஒருமுறை தெருப்பக்கம் போய்த் திரும்பியது. "ஒண்ணரை நிமிஷம்" என்றார். "அதுனாலதான் மச்சான். டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. உன் காலுக்கு வேற ஒண்ணும் ஆகல. நான் இழுத்ததுதான்."

செங்கோடன் அட்டையை மடியில் வைத்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடிகாரம் கையில் இருந்தும் பார்க்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்" என்றார் செங்கோடன். "எனக்கும் அந்த டாக்டரு சொன்னாரு. நீ எப்பச் சொல்றேன்னு பாத்துட்டிருந்தேன்."

"அப்ப ஏன் நீ ஒண்ணும்..."

"என்கிட்டயும் ஒண்ணு இருக்குல்ல. அன்னைக்கு எதுக்கு மூணு இழுப்பு இழுத்தேன்னு நீ இதுவரைக்கும் கேக்கவே இல்ல."

"ஏதோ ஆபத்துன்னு..."

"ஆபத்துமில்ல ஒண்ணுமில்ல. சங்கிலி மாட்டியாச்சு. மேல சோத்துல கருவாட்டுக் கொழம்பு ஊத்தி வச்சிருந்தோமே, பசி. அதான் இழுத்தேன். மெல்லத் தூக்குன்னு சொல்ல நம்மகிட்ட ஒரு இழுப்பு இருந்துச்சா? இல்லியே. நீ என்ன பண்ணுவே."

அவர் தரையில் உட்கார்ந்தார். செங்கோடன் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி அவர் தலைமுடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார், ஆட்டுக்கிடாவின் கொம்பைப் பிடிப்பதுபோல. "அழுவாத. அக்கா முன்னாடி அசிங்கம்" என்றார். "அடுத்த தடவ மெல்ல இழு, அவ்வளவுதான்."

செங்கோடனின் மனைவி காபி கொண்டுவந்தார். நான்கு டம்ளர். கிளம்பும்போது மணி 5.10. வாசலில் என் செருப்பைத் தேடியபோது அவருடையது பக்கத்தில் கிடந்தது. ஒன்று வீட்டைப் பார்த்து, ஒன்று கவிழ்ந்து. அவர் அன்று அங்கேயே தங்கினார்.

மறுநாள், மார்ச் 20, புதன். 4.50க்கு எழுந்தேன். பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பு மாட்டும்போது கைபேசி அடித்தது. செங்கோடன்.

"அக்கா, எழுதற ஆளு நீங்க, அதான் கூப்பிட்டேன். காத்தால மொத வேலையா கயித்துக்குப் புது இழுப்பு வச்சுட்டோமுங்க. நாலு இழுப்புன்னா நில்லு. கயிறு எங்கையிலதான் இருக்குது. மாப்ள கெணத்துக்குள்ள. சிலிண்டர்ல போன மாசத்துக் காத்து மிச்சமிருந்துச்சு. இப்பத்தான் நாலு இழுத்தேன்."

"நின்னாரா?"

"இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கானுங்க."

கோவில் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். 6.42. கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, படியில் உட்கார்ந்து, எழுதத் தொடங்கினேன்.